தினம் ஒரு தன்னுருவப் படம்: ஓராண்டுத் தொடரின் நடுவே ஐந்து நாட்கள் விடுபட்டால் என்ன செய்வது?

கேரள எல்லையோர வேலந்தாவளத்தில் வீடு, கோவையில் வேலை. விஷு அன்று விடியற்காலை கனி கண்ட கையோடு செல்போனில் உங்களை நீங்களே ஒரு படம் எடுத்து, அடுத்த விஷு வரை நாளுக்கு ஒன்று என்று தீர்மானித்துத் தொடங்கியிருக்கிறீர்கள். ஐப்பசியில் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்த ஐந்து நாட்கள் படம் எடுக்கவில்லை. அதை அடுத்து செல்போனும் மாறிவிட்டது. கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுக்கொண்டதால் தாடியும் வளர்ந்து நிற்கிறது. பழைய படங்களோடு இப்போதைய படங்கள் ஒட்டவில்லை, இதைக் கைவிட்டு ஜனவரி 1 முதல் புதிதாகத் தொடங்கினால் தேவலையா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. நாள்தோறும் எடுக்கும் இத்தகைய தொடர் எப்போது நிறைவு பெற்றதாகக் கொள்ளப்படும் என்பதே அது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். அப்பா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று நீங்கள் குறிப்பிட்டிருந்தது மனத்துக்கு நிறைவாக இருந்தது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டாம், புதிதாகத் தொடங்கவும் வேண்டாம். விஷு வரை இதே தொடரைக் கொண்டுபோய் முடியுங்கள். விடுபட்ட ஐந்து நாட்களை விடுபட்டவையாகவே வைத்திருங்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல ஆண்டுகளாக ஸ்டுடியோ நடத்துகிறவன் நான். பிலிம் கழுவி, இருட்டறையில் அச்சுப் போட்டுத் தொழில் கற்றவன். கல்யாண ஆல்பமும் பாஸ்போர்ட் சைஸ் படமும்தான் பிழைப்பு என்றாலும், இதுபோன்ற தொடர்களை எடுத்த சிலர் அவற்றை அச்சிடவும் வீடியோவாகக் கோக்கவும் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆகவே இந்த முயற்சிகள் எங்கே தடுக்கி நிற்கின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒளி, லென்ஸ், அச்சு ஆகியவை பற்றி இங்கே எழுதுவதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். விடுபட்ட நாட்களை எப்படி நடத்துவது என்பதில் நான் சொல்வது என் தீர்ப்பு. அதற்கான காரணங்களைத் தருகிறேன். இப்படித் தினமும் தன் முகத்தையே பார்ப்பது மனத்துக்கு நல்லதா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்களே, அது என் தொழிலுக்கு வெளியே உள்ளது. அதில் கண்டதை மட்டும் சொல்வேன்.

தைவானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த தெச்சிங் சியே என்ற கலைஞர் 1980 ஏப்ரல் 11 முதல் 1981 ஏப்ரல் 11 வரை, இரவு பகல் பாராமல் மணிக்கு ஒரு முறை, ஆலைகளில் இருக்கும் வருகைப்பதிவுக் கடிகாரத்தில் அட்டையைப் பதித்து, அப்படிப் பதித்த ஒவ்வொரு முறையும் 16 மி.மீ. பிலிமில் தன்னை ஒரு பிரேம் எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் தலையை மழித்திருந்தார். பின்னர் முடி வளர்ந்துகொண்டே போவதுதான் ஓராண்டு கடந்ததற்கான கண்கண்ட சாட்சி. 8,760 முறை பதித்திருக்க வேண்டும். 133 முறை தவறிப்போயின. அவற்றை அவர் மறைக்கவில்லை. உறங்கிவிட்டது 94 முறை, தாமதமானது 29 முறை, நேரத்துக்கு முன்பே பதித்துவிட்டது 10 முறை என்று காரணவாரியாகக் கணக்கெழுதி, அந்தக் கணக்கையும் படைப்போடு சேர்த்தே வைத்தார். பாஸ்டனைச் சேர்ந்த கார்ல் பேடன் 1987 பிப்ரவரி 23 முதல் நாள்தோறும் தன் முகத்தைப் படமெடுத்து வந்தவர். 1991இல் ஒரு நாள் அவருக்கும் தவறியது, ஆனால் தொடர் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீண்டது. இந்த இருவரின் வேலையையும் அரைகுறை என்று யாரும் ஒதுக்கியதில்லை. இடைவெளியை இடைவெளி என்று எழுதிவைத்ததால்தான் மற்ற நாட்களின் படங்களை நாம் ஐயமின்றி நம்புகிறோம் என்பது என் எண்ணம்.

பழக்கம் முறிந்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஓரளவு பதில் உண்டு. லண்டனில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாகப் படிய சராசரியாக 66 நாட்கள் ஆவதாகவும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடுவதாகவும், நடுவே ஒரு வாய்ப்பைத் தவறவிடுவது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்றும் கண்டார்கள். ஆனால் அவர்கள் கவனித்தவை உணவு, பானம், உடற்பயிற்சி ஆகியவை. தவறியதும் ஒரு வாய்ப்புதான், தொடர்ந்து ஐந்து நாட்கள் அல்ல. ஆகையால் இதை ஆறுதலுக்கு மேல் இழுக்க மாட்டேன். நீங்கள் ஆறாம் நாளே மறுபடியும் கேமரா முன் நின்றீர்கள் என்பது எந்த ஆய்வையும்விட நல்ல சான்று.

அந்த ஐந்து தேதிகளுக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதிவையுங்கள். எங்கே இருந்தீர்கள், ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரி போதும். அப்பாவின் கட்டில் அருகே உட்கார்ந்திருந்த மகனுக்குத் தன் முகத்தைப் படமெடுக்கத் தோன்றவில்லை என்பதில் குறை காண என்ன இருக்கிறது? அந்த ஓராண்டில் நடந்தவற்றில் மிக முக்கியமானது அதுவாகவே இருக்கலாம். செய்யக்கூடாத ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, சட்டையை மாற்றி மாற்றி ஐந்து படம் எடுத்து அந்த இடங்களை நிரப்பாதீர்கள். அப்படி நிரப்பப்பட்ட தொடர்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. வரிசையாகப் போட்டுப் பார்த்த உடனே தெரிந்துவிடும். மீசை ஓரத்தில் கத்தரி கொஞ்சம் உள்ளே போன இடம் ஐந்து சட்டைகளிலும் அப்படியே இருக்கும். கன்னத்துப் பரு ஐந்து நாட்களாகப் பெரிதாகவும் இல்லை, வற்றவும் இல்லை. பிறர் கவனிக்காமல் விட்டாலும், எடுத்தவர் அந்தப் பகுதி வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதேபோல் மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாளின் களைத்த படத்தையும் அழிக்காதீர்கள். நன்றாக விழாத படங்களை ஒவ்வொன்றாக நீக்குவதில்தான் பெரும்பாலான தொடர்கள் சிதைகின்றன.

இனி செல்போன் மாறியது. புதிய படங்களில் முகம் யாரோ போல இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முதலாவது, இடவல மாற்றம். சில செல்போன்கள் முன்பக்கக் கேமராவின் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகவே சேமிக்கும், சில நேராகத் திருப்பிச் சேமிக்கும். சட்டைப் பையைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில் இருக்கும். படத்தைப் பார்க்கும் நமக்கு அது வலப்பக்கம் தெரிந்தால் படம் நேரானது, இடப்பக்கம் தெரிந்தால் கண்ணாடிப் பிம்பம். பழைய படங்களில் ஒரு பக்கமும் புதியவற்றில் மறுபக்கமும் பை இருந்தால் உங்கள் சிக்கலில் பாதி இதுதான். அசலைத் தொடாமல், நகலெடுத்து ஒரு தொகுதியைத் திருப்பிக்கொள்ளுங்கள். நம் முகம் நமக்கு எப்போதும் கண்ணாடியில் கண்டபடிதான் பழக்கம்; தன் கண்ணாடிப் பிம்பத்தைத் தானும், நேர்ப் படத்தை நண்பர்களும் விரும்புவதாக 1977இலேயே மீட்டா, டெர்மர், நைட் ஆகிய உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கனியில் வைத்த கண்ணாடியில் அன்று நீங்கள் கண்ட முகமும் பிறர் காணும் முகமும் அந்த அளவுக்கு வேறுதான்.

இரண்டாவது, தூரம். முகம் எப்படிப் பதிகிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் லென்ஸுக்கும் முகத்துக்கும் உள்ள தொலைவு. மூக்கு நுனியிலிருந்து காது வரையிலான ஆழம் 12 செ.மீ. என்று கொள்வோம். மூக்குக்கு 30 செ.மீ. அருகில் கேமரா இருந்தால், காதின் அளவோடு ஒப்பிட மூக்கு 40 விழுக்காடு பெரிதாகப் பதியும். 120 செ.மீ. தள்ளி வைத்தால் அந்த மிகை 10 விழுக்காடுதான். பழைய செல்போனைக் கை நீட்டிப் பிடித்தும் புதியதைக் கையை மடக்கிப் பிடித்தும் எடுத்திருந்தால், இரண்டையும் ஒரே அளவுக்கு வெட்டினாலும் காதுகள் காட்டிக்கொடுத்துவிடும். எந்த மென்பொருளாலும் இதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. இனிமேல் செல்போனைச் சுவரில் அல்லது அலமாரியில் ஒரே இடத்தில் நிறுத்தி, தரையில் கால் வைக்கும் இடத்தில் ஒரு பொட்டு பெயின்ட் அடையாளம் வைத்து, டைமரில் எடுங்கள். பாஸ்போர்ட் படத்துக்கு நாங்கள் பார்க்கும் ஒழுங்கே இதற்கும் பொருந்தும்: கண்கள் கேமரா மட்டத்தில், இரண்டு காதும் தெரிய, தோள்கள் நேராக. மூன்றாவது, முகத்தை மெழுகும் அழகு ஃபில்ட்டர். சில புதிய செல்போன்களில் அது கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிடுங்கள். பழைய செல்போன் இன்னும் உயிரோடு இருந்தால், ஒரு வாரம் இரண்டிலும் எடுத்து வையுங்கள். மாற்றம் எங்கே நடந்தது என்பதற்கு அது தெளிவான கணக்காக இருக்கும்.

ஒளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகங்கள் சொல்லும் அறிவுரை நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. வடக்கு ஜன்னல் அருகே நின்று காலை ஏழு மணிக்கு, பஸ்ஸுக்குக் கிளம்புமுன் எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் படாது, ஆகவே ஆண்டு முழுவதும் ஒரே சீரான ஒளி கிடைக்கும் என்பது ஐரோப்பிய ஓவியக்கூடங்களிலிருந்து வந்த விதி. நாம் இருப்பது ஏறக்குறைய 10.7 பாகை வட அகலக்கோட்டில். சித்திரை தொடங்கிச் சில நாட்களிலேயே சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகலில் வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் அது உதிப்பதே கிழக்கிலிருந்து வடக்கே ஒதுங்கித்தான். எனவே மே மாதக் காலை ஏழு மணிக்கு உங்கள் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் விழும். தை மாதத்தில் அதே ஏழு மணிக்குச் சூரியன் எழுந்து கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஜூன் தொடக்கத்தில் ஆறு மணியளவில் உதிப்பது ஜனவரி இறுதியில் ஏழுக்குக் கால் மணி முன்பு வரை தள்ளிப்போகிறது. உங்கள் முதல் மாதங்களின் படங்களில் ஒரு கன்னம் மட்டும் வெளுத்திருப்பதற்கும் இப்போதைய படங்கள் நீலம் பாய்ந்து மங்கியிருப்பதற்கும் இது பெரிய காரணம். செல்போனை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

இதற்கு வழி எளியது. பங்குனிக் கடைசியில் மறுபடி வெயில் உள்ளே வரத் தொடங்கினால் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக ஜன்னலில் கட்டுங்கள். வெயில் பஞ்சுபோல் பரவிவிடும். இப்போதைய மங்கலுக்கு அறை விளக்கைப் போட்டு ஜன்னல் ஒளியோடு கலக்காதீர்கள். இரண்டின் நிறமும் வேறு, முகத்தின் பாதி மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் போகும். படம் எடுக்குமுன் திரையில் முகத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் பல செல்போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். சுவருக்குப் பச்சை அடித்திருப்பதாகவும் சொன்னீர்கள். பச்சைச் சுவர் அருகே நின்றால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும். நீங்கள் சுவரைவிட்டு நான்கு அடி முன்னால் நில்லுங்கள். நேரத்தை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. ஒளியை விரட்டிக்கொண்டு நேரத்தை மாற்றுகிறவர்களுக்குப் பஸ் தவறும், பிறகு படமும் தவறும்.

தாடி தொடரைக் கெடுக்கிறது என்ற கவலையை விட்டுவிடுங்கள். ஒரே ஓராண்டில் முதுமை முகத்தில் தெரிவது மிகவும் அரிது. இதை எதிர்பார்த்துத் தொடங்குகிறவர்கள் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நோவா கலினா என்ற அமெரிக்கர் 2000 ஜனவரி 11இல் தொடங்கி, ஆறு ஆண்டுப் படங்களை 2006இல் ஒரு வீடியோவாக வெளியிட்டபோது உலகெங்கும் மக்கள் பார்த்தார்கள். அதிலுமே முகத்தைவிட முடியும் பின்னால் உள்ள அறைகளும்தான் அதிகம் மாறுகின்றன. உங்கள் ஆண்டில் தெரியப்போவது வேறு. கார்த்திகை தொடங்கி மண்டலம் முடிய ஏறும் தாடி, நெற்றியில் விபூதியும் சந்தனமும், மலைக்குப் போய் வந்த மறுநாள் மழித்த முகம் எல்லாம் அதில் இருக்கும். மார்கழியிலும் தையிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் கீழ்க்காற்றில் உதடு வெடிப்பதும், பங்குனி வெயிலில் பஸ் ஜன்னல் பக்கத்துக் கன்னம் கறுப்பதும்கூடப் பதியும். இவற்றை மாற்றமின்றி வைத்திருக்க முயன்றால் எடுத்ததற்குப் பொருளே இல்லை. நிலையாக இருக்க வேண்டியவை இடம், தூரம், கண் மட்டம், நேரம் ஆகியவை மட்டுமே.

மனத்தைப் பற்றி: இது தற்பெருமை என்று வீட்டில் யாரோ சொன்னதாகத் தெரிகிறது. ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகள் தன்னைத்தானே படமெடுத்து வந்தவர். நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. என்னிடம் வந்தவர்களில் பலர், முதல் சில மாதங்களுக்குப் பின் தங்கள் அழகைப் பற்றிய கவலை குறைந்து, முகத்தைச் சும்மா பார்க்கப் பழகியதாகச் சொன்னார்கள். சிலருக்கு நேர்மாறாக, ஒவ்வொரு நாளும் குறை தேடும் வேலையாக அது மாறியது. உங்களுக்கு எது நேரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. படம் எடுத்த பிறகு நெடுநேரம் அதையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், எடுத்தவுடன் பாராமல் மூடிவைத்து மாதக் கடைசியில் மட்டும் திறந்து பாருங்கள். அதற்கும் மனம் அடங்காமல் தூக்கமோ சாப்பாடோ கெட்டால், தொடரைவிட உங்கள் நலம் பெரிது. நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மிச்சமுள்ள மாதங்களில் கோப்புகளை ஒழுங்கு செய்துகொண்டே வாருங்கள். எல்லாவற்றையும் கடைசியில் செய்யலாம் என்று விட்டால் கை ஓயும். ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிட்டால் கணினி தானாகவே தேதிவாரியாக அடுக்கிவிடும். பழைய செல்போனிலிருந்து புதியதற்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியிருந்தால் அளவும் சுருங்கியிருக்கும், எடுத்த தேதியும் உள்ளிருந்து போயிருக்கும்; அசலைக் கேபிள் போட்டு எடுங்கள். மொத்தமும் இரண்டு ஜி.பி.யைத் தாண்டாது என்று நினைக்கிறேன். கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று என மூன்று பிரதிகள் இருக்கட்டும்.

வீடியோவாகக் கோக்கும்போது இரு கண்மணிகளும் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் விழுமாறு சுழற்றி, அளவு மாற்றிக்கொள்ளுங்கள். கண்கள் நிலைத்துவிட்டால் மற்ற அசைவுகளைப் பார்வை ஏற்றுக்கொள்ளும். நொடிக்கு 24 படங்கள் என்றால் ஓராண்டு 15 நொடியில் ஓடிவிடும், ஒன்றுமே பிடிபடாது. நொடிக்கு ஆறு வைத்துப் பாருங்கள். உங்களிடம் இருக்கப்போகும் 360 படங்களும் சரியாக ஒரு நிமிடம் வரும். விடுபட்ட ஐந்து நாட்களுக்கும் ஒரு படத்தின் அளவே கறுப்பாக விட்டால், நொடிக்கும் சற்றுக் குறைவாகத் திரை இருண்டு மீளும். விளக்க எழுத்து எதுவும் அங்கே போட வேண்டாம்.

எனக்கு வீடியோவைவிட அச்சில்தான் பற்று அதிகம். தொடங்கியது விஷு அன்று என்பதால் உங்களுக்கு ஒரு வசதி வாய்த்திருக்கிறது. ஆங்கில மாதப்படி அடுக்கினால் ஏப்ரல் இரண்டு துண்டாகும். சித்திரை முதல் பங்குனி வரை தமிழ் மாதப்படி அடுக்கினால் பன்னிரண்டு வரிசையும் முழுசாக நிற்கும். மாதங்கள் 29 முதல் 32 நாட்கள் வரை போகும் என்பதால் வரிசைக்கு 32 கட்டம் வைத்து, மாதம் முடிந்த பிறகு மிஞ்சும் கட்டங்களை வெள்ளையாக விட்டுவிடுங்கள். ஐப்பசி வரிசையின் ஐந்து கட்டங்களுக்கு மட்டும் வெளிர் சாம்பல் நிறம் கொடுத்துத் தேதியை அச்சிடுங்கள். மலையாளக் காலண்டரும் தமிழ்க் காலண்டரும் மாதப் பிறப்பில் சில நேரம் ஒரு நாள் முன்பின் ஆகும். வீட்டில் எது தொங்குகிறதோ அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். ஒரு படம் இரண்டு செ.மீ. அகலம் என்றாலும் தாள் 64 செ.மீ. அகலம் தேவைப்படும், ஆகவே பெரிய தாள் அச்சிடும் கடையில் மேட் தாளில் போடச் சொல்லுங்கள். பளபளப்புத் தாளில் இவ்வளவு சிறிய முகங்கள் ஒளி பட்டு மறைந்துவிடும்.

முடிக்கும் நாளைப் பற்றியும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். விஷுவுக்கு முந்தைய நாளோடு ஆண்டு நிறைகிறது. முதல் விஷு ஏப்ரல் 14இலும் அடுத்த விஷு ஏப்ரல் 15இலும் வந்தால் ஒரு நாள் கூடி 366 நாட்கள் ஆகும். அன்றைய படத்தோடு தொடரை மூடிவிடுங்கள். விஷு அன்று கனி கண்டபின் ஒன்று எடுப்பதாக இருந்தால், அதைத் தொடரில் சேர்க்காமல், முதல் நாள் படத்துக்கு இணையாக அதே அளவில் தனியே அச்சிட்டு வையுங்கள். கடைசி வாரத்தில் புதுச் சட்டை, முடிவெட்டு என்று விசேஷம் செய்ய வேண்டாம். அச்சுகளின் பின்புறம் தேதி எழுதப் பால்பாயின்ட் பேனா ஆகாது, அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் எளிதில் காயாது. கடையில் நிரந்தர மை மார்க்கர் என்று கேட்டு வாங்கி, எழுதிய பின் ஐந்து நிமிடம் காயவிட்டு அடுக்குங்கள்.